மடைமுறையை எழுதி வைக்கலாமா? பெரியவங்க வேண்டாங்காங்க

கன்னடியன் கரை (சேரன்மகாதேவி பக்கம்):

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் வயலுக்குக் கன்னடியன் கால்வாய்ல ஒரு மடைதான். யாருக்கு எப்பத் தண்ணிங்கறது எங்கயும் எழுதி இல்ல, ஆனா எல்லாருக்கும் தெரியும். கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையில தண்ணி திறக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட வந்து வாய்க்கால் வெட்டணும். தண்ணி தாராளமா வந்தா தலைமடையில, அதாவது வாய்க்கால் தொடங்குற பக்கத்து வயல்ல, இருந்து பாயும். குறைஞ்சுட்டா வாய்க்கால் கடைசியில வயல் இருக்கற கடைமடைக்காரங்களுக்குத்தான் முதல்ல. நாத்தங்காலுக்குத் தண்ணி வேணும்னா மத்த எல்லாரும் அடைச்சுக்கிடணும். ஒரு வீட்ல சாவு விழுந்தா அந்த வீட்டு முறையைப் பக்கத்து வயல்காரர் பாய்ச்சிக் கொடுப்பார். பதினாறு கழியறவரைக்கும் அவங்க வரப்புக்கு வர வேண்டாம். யாரும் போய்க் கேக்க வேண்டியதில்ல, தானா நடக்கும். எனக்கு இதுல ரொம்பப் பெருமை.

இப்ப வெளியூர்க்காரர் ஒருத்தர் தலைமடையில அஞ்சு ஏக்கர் வாங்கி வாழை போட்டிருக்கார். "கடைமடைக்கு முதல்லன்னு எந்தச் சட்டத்துல இருக்கு, காட்டுங்க"ன்னு கேட்டுட்டார். காட்ட எங்ககிட்ட ஒரு துண்டுச்சீட்டுகூட இல்ல. அதனால நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து 14 விதியா எழுதிட்டோம். பெரியப்பா முழுசும் வாசிச்சாங்க. "இத எழுதிட்டா இதுல இல்லாதது எதுவும் முறை இல்லன்னு ஆயிரும்லா? வருசா வருசம் மழை ஒரே மாதிரியா பெய்யுது?"ன்னு கேட்டுட்டு கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க. அவங்க சொல்லுததும் சரியாத்தான் படுது. மத்த இடங்கள்ல வழக்கத்தை எப்படிச் சட்டமாக்குனாங்க? எழுதும்போது எதுல கவனமா இருக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மானூர் வாத்தியார்:

தங்கச்சி, நம்ம ஜில்லாவுலயே இதுக்கு ஆயிரத்து இருநூறு வருசத்துப் பழைய சாட்சி இருக்கு. மானூர்க் கல்வெட்டு, பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது. ஊர்ச்சபையில யார் உட்காரலாம்னு அந்தச் சபையே கூடி விதி எழுதிக் கல்லுல வெட்டி வெச்சிருக்கு. நிலத்துல பங்கு வேணும், படிப்பு வேணும், நல்ல நடத்தை வேணும். எந்தக் காரியம் வந்தாலும் 'கூடாது, கூடாது'ன்னு மறிக்கிறவனுக்கும் அவனுக்குத் துணை நிக்கிறவனுக்கும் அஞ்சு காசு தண்டம். இந்தத் தொல்லையை அந்தச் சபை நிறைய அனுபவிச்சிருக்கணும், இல்லேன்னா கல்லுல வெட்டுற அளவுக்குப் போயிருக்காது. வழக்கம் தானா நடக்கிற வரைக்கும் யாரும் எழுத மாட்டாங்க. ஒருத்தர் மறுக்கும்போதுதான் எழுதுவாங்க. உங்க ஊர்லயும் அதுதான் நடந்திருக்கு.

எழுதினா இறுகிப்போகுமேன்னு உங்க பெரியப்பா பயப்படுதாங்க. உத்தரமேரூர்ல குடவோலை விதியை 919-ல வெட்டுனாங்க. ரெண்டே வருசத்துல, 921-ல, அதையே திருத்தி இன்னும் விரிவா வெட்டுனாங்க. கல்லுல இருந்ததையே மாத்தியிருக்காங்க, காகிதத்துல இருக்கறதை மாத்த முடியாதா?

அம்பை வக்கீல் (ஓய்வு):

வாத்தியார் சொன்னதோட கொஞ்சம் சேர்க்கிறேன். நான் சிவில் வழக்குதான் நடத்தினேன், அதில் பாதி வாய்க்கால், வரப்பு, பாதை.

எழுதாத வழக்கத்துக்கு நம் சட்டத்தில் மதிப்பே இல்லை என்று அந்த வாழைக்காரர் நினைத்தால் அது தவறு. 1868-ல் ராமநாதபுரம் ஜமீன் தத்து வழக்கில், அன்றைக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலே, தெளிவாக நிரூபித்த வழக்கம் எழுதிய சாஸ்திரத்தைவிட மேலானது என்று சொல்லிவிட்டது. 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 48-வது பிரிவின்படி (2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டது, அதில் இது 42-வது பிரிவு), ஒரு வழக்கம் உண்டா இல்லையா என்பதற்கு அதை அறிந்திருக்கக்கூடியவர்களின் கருத்தைக் கோர்ட்டு கேட்கலாம். அங்கே கொடுத்திருக்கும் உதாரணமே, ஒரு கிராமத்தார் ஒரு கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமைதான். உங்கள் பெரியப்பாவைக் கூண்டில் ஏற்றினால் அவர் சொல்வது சாட்சியம். 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமும் உள்ளூர் வழக்கத்தால் வரும் உரிமையை ஒப்புக்கொள்கிறது.

ஆனால் நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில். வாய்க்கால் வெட்டும் குடிமராமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1858-ல் வெள்ளைக்காரன் அதைச் சட்டமாக்கினான். வழக்கப்படி வர வேண்டியவர் வராவிட்டால் அந்த உழைப்பின் மதிப்பைப்போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். அந்த ஊரில் என்ன வழக்கம் என்பதைச் சட்டம் எழுதவில்லை, அதை ஊர்க்காரர்தான் காட்டியாக வேண்டும். காட்டக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வைப்பது நல்லது.

இனி நீங்கள் கேட்ட கவனம். 1706-ல் யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர்கள் தமிழர் வழக்கத்தைத் தேசவழமை என்று தொகுத்தார்கள். தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ், அங்கேயே நெடுங்காலம் இருந்த அதிகாரி. எழுதி முடித்ததும் தமிழில் பெயர்த்து, முதலியார் என்ற பதவியில் இருந்த பன்னிரண்டு உள்ளூர்த் தலைவர்களிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். முறையான வேலைதான். ஆனால் அதில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. அவர்களிடம் யார் கேட்டார்கள்? முதலாளிகளின் ஞாபகமே சட்டமாயிற்று. 1806-ல் ஆங்கிலேயரும் அதை அப்படியே ஏற்றார்கள். 1844-ல்தான் இலங்கையில் அடிமை முறை ஒழிந்தது. சொத்து விஷயத்தில் தேசவழமை அங்கே இன்றும் சட்டம்.

அதனால் உங்கள் 14 விதியையும் அரசியலமைப்பின் 13-வது பிரிவோடு வைத்துப் பாருங்கள். சட்ட வலிமையுள்ள வழக்கமும் அங்கே 'சட்டம்'தான். ஆகவே அது அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தால் செல்லாது. இன்ன குடும்பத்தார்தான் மடை திறக்க வேண்டும் என்று ஏதாவது எழுதியிருக்கிறீர்களா?

கடைமடை:

வக்கீல் ஐயா கேட்டதுக்கு நான் சொல்லுதேன், நானும் அந்தப் பக்கம்தான். இவங்க ஊர்னு இல்ல, ஆத்துப் பாசனத்துல நிறைய ஊர்ல அப்படித்தான். எங்க தாத்தா மடைக்காரர். ராத்திரி ரெண்டு மணிக்கு லாந்தர் எடுத்துக்கிட்டுப் போயி, எந்த வரப்பு உடைஞ்சிருக்குன்னு காலாலயே தடவிப் பார்த்து அடைப்பாரு. கதிர் அறுத்ததும் களத்துல நெல் அளந்து கொடுப்பாங்க. எவ்வளவுங்கறது வழக்கம். விளைச்சல் கொறைஞ்ச வருசம் அந்த வழக்கமும் கொறையும், ஆனா ராத்திரி வேலை கொறையாது. எங்க அப்பாவுக்கும் அதே வேலைதான்னு ஊரே முடிவு பண்ணியிருந்துச்சு, அவர்ட்ட ஒருத்தரும் கேக்கல. அந்தப் பன்னிரண்டு பேர் கதைய வாசிச்சப்ப எனக்கு எங்க களம்தான் ஞாபகம் வந்துச்சு.

அக்கா, நீங்க எழுதுங்க. எழுதத்தான் வேணும். மடைக்காரர் கூலி எவ்வளவு, யார் கொடுக்கணும், எந்தத் தேதிக்குள்ளன்னு முதல் பக்கத்துலயே எழுதுங்க. பிறப்பால யாருக்கும் அந்த வேலை இல்லன்னும் எழுதுங்க. வாய்வார்த்தையா இருந்தவரைக்கும் எங்களுக்கு நஷ்டம்தான்.

கன்னடியன் கரை:

தங்கச்சி, 12-வது விதி அதுதான். 'வழக்கப்படி மடைக்காரர் குடும்பத்தார்'னு எழுதியிருந்தோம். காலையில பெரியப்பாட்ட உங்க பதிலை வாசிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "அத எடுத்துரு. கூலியை மட்டும் எழுது, அதையும் அவங்கள வெச்சுப் பேசி எழுது"ன்னாங்க. கையெழுத்து மட்டும் இன்னும் போடல. தண்ணி வரத்து மாறுனா விதியை மாத்த ஒரு வழி இருந்தாத்தான் போடுவாங்களாம். அதை எப்படி எழுத?

அம்பை வக்கீல் (ஓய்வு):

நியாயமான நிபந்தனை. அரசியலமைப்பை எழுதியவர்களே 368-வது பிரிவில் திருத்த வழி வைத்தார்கள். அதுவும் சுலபமாக இல்லை. இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை வேண்டும், சிலவற்றுக்குப் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். நீங்கள் இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம், எந்த வயலுக்கு அடுத்து எந்த வயல் என்பதைக் காரிலும் அதற்கு அடுத்த பருவமான பிசானத்திலும் தண்ணீர் திறக்குமுன் கூட்டம் போட்டு மாற்றலாம். தட்டுப்பாட்டில் கடைமடைக்கு முதலில், கூலி பாக்கி கூடாது என்ற இரண்டையும் கடைமடைக்காரர்களும் மடைக்காரரும் சம்மதிக்காமல் தொடக் கூடாது என்று எழுதுங்கள். கையெழுத்துப் பக்கத்தில் பட்டாதாரர்களோடு குத்தகைக்காரர்களுக்கும் இடம் விடுங்கள். வாழைக்காரரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வரைவை இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.