காவிப் பட்டையும் நீல டேப்பும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த் வட்டாரத்தில் இருக்கிறோம். முற்றத்தில் உள்ள எங்கள் சிறு கோயிலின் சுவருக்குச் சென்ற தீபாவளிக்கு முன் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடிக்க நானே முனைந்தேன். கையில் இருந்தது சாதாரண மாஸ்கிங் டேப், அதாவது பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைக்க ஒட்டும் காகித டேப். 1925-இல் த்ரீ எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ, கார்களுக்கு இரு வண்ணம் பூசும்போது கோடு சிதையாமல் இருக்க உருவாக்கிய டேப்பின் வழிவந்தது அது. ஒட்டிய அன்றே உரித்துவிட வேண்டிய பொருள். நானோ மழையைக் காரணம் காட்டி நான்கு நாள் சுவரிலேயே விட்டுவிட்டேன். வடக்குப் பார்த்த சுவர் வேறு. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் இங்கே வெயில் அந்தப் பக்கத்தில்தான் விழும் என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த மாமனார் கடைசிவரை நம்பவில்லை. உரித்தபோது காகிதம் விரல் அகலத் துண்டுகளாகக் கிழிந்து வர, பசை சுவரோடு தங்கிவிட்டது. காவி வெள்ளைக்குள் கசிந்து, விளிம்பெல்லாம் ரம்பப் பல்லாக நின்றது.

இந்த ஆண்டு பெயின்டர்கள் பயன்படுத்தும் நீல மாஸ்கிங் டேப் வாங்கினேன். பசை மிதமானது என்பதால் சில நாள் கழித்தும் சுத்தமாக உரிகிறது. ஆனால் கசிவை நிறுத்தியது டேப்பின் நிறமன்று. வெள்ளையை ஒரு முழு நாள் காயவிட்டு, ஈரத்துணியால் தூசி துடைத்து, டேப்பை ஒட்டி, விளிம்பைப் பட்டித் தகட்டால் அழுத்தித் தேய்த்தேன். பிறகு டேப்பின் விளிம்பின்மேல் அதே வெள்ளையை மெல்லியதாக ஒருமுறை பூசினேன். சொரசொரப்பான சுவரில் டேப்புக்கு அடியில் இருக்கும் நுண்ணிய இடுக்குகளில் அந்த வெள்ளை புகுந்து அடைத்துக்கொள்வதால், அது காய்ந்தபின் பூசும் காவிக்கு உள்ளே நுழைய வழியில்லை.

மறுமொழி: ஐயா, உரிக்கும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் என் தங்கை வீட்டுக் கதவுச் சட்டத்துக்கு எனாமல் பூசி, நன்றாகக் காய்ந்த மறுநாள் டேப்பை இழுத்தபோது, பெயின்ட் தோலாக எழுந்து கூடவே வந்துவிட்டது. கடைசிப் பூச்சு சற்று ஈரமாக இருக்கும்போதே, டேப்பை அதன்மீதே மடக்கிச் சாய்வாக, அவசரமின்றி இழுக்க வேண்டும். காய்ந்துவிட்டால் முதலில் விளிம்போரம் பிளேடால் கீறிவிடுங்கள்.

மறுமொழி: உண்மைதான். காவிப் பூச்சில் அதைச் செய்தேன், எழுத விட்டுப்போயிற்று. கோயிலின் மூலையில் மட்டும் பொறுமையிழந்து வெடுக்கென்று இழுத்ததில் உள்ளங்கை அளவு வெள்ளை பெயர்ந்தது. இப்போது அந்த இடத்தை அகல்விளக்கு மாடம் மறைத்துக்கொண்டிருக்கிறது.