யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் மேட்டில் இழுக்க மாட்டேங்குது, வழி சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, வண்டி சமதரையில் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும்போது மட்டும் முறுக்க முறுக்கப் புகைதான் வருகிறது, இழுவை இல்லை, சைலன்சர் மூட்டில் கருப்பாக ஆயில் வேறு ஒழுகுகிறது. ஸ்பார்க் பிளக்கில் ஈரக் கரி. கார்பரேட்டர், ஏர் ஃபில்டர் சுத்தம் செய்தாச்சு. கியர் ஆயில் குறையவில்லை, அதனால் அந்த ஆயில் இன்ஜினுக்குள் கசியாமல் தடுக்கும் கிராங்க் சீல் மேல் சந்தேகம் இல்லை.

பாளையங்கோட்டையில் ஒரு மெக்கானிக் 'எக்ஸாஸ்ட் வால்வு போச்சு' என்கிறார். இந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் அப்படி ஒரு வால்வே கிடையாதே, பிஸ்டன்தானே புகை வெளியேறும் துளையை, அதாவது போர்ட்டைத் திறந்து மூடுகிறது! ரீட் வால்வு என்கிற மெல்லிய தகடு வால்வு இருப்பது பெட்ரோல் உள்ளே வரும் பக்கம். போர்ட்டிலும் சைலன்சர் உள்குழாயிலும் கரி அடைத்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிஸ்டனை மேலே ஏற்றி போர்ட்டை மூடிக்கொண்டு மரக்குச்சியால் சுரண்டினால் போதுமா, இல்லை சிலிண்டரையே கழற்றணுமா? நெல்லைப் பக்கம் டூ ஸ்ட்ரோக்கில் கை தேர்ந்தவர் இருந்தாலும் சொல்லுங்க.