பொத்தானை அமத்தி விட்டால் நூல் ஓடும் றீல்: தமிழில் என்ன?

ச., வெள்ளவத்தை | செவ்வாய், காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு அவசரம். புறக்கோட்டையில் ஒரு வியாபாரி சிறுவர் தூண்டில் பெட்டி இறக்கியிருக்கிறார், ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு. மூன்று மொழியிலும் ஒட்டுத்தாள் வேண்டுமாம். சிங்களம் முடிந்து அச்சுக்கு நிற்கிறது. தமிழ் வழக்கம்போலக் கடைசியில் என்னிடம் வந்தது. வியாழன் மாலைக்குள் கொடுக்கவேண்டும். தமிழுக்கு விட்ட இடம் நாலு சென்ரிமீற்றர் அகலம்.

பெட்டி மேசையில் திறந்து கிடக்கிறது. மூன்றரை அடித் தடி, கண்ணாடியிழை. சிவப்பும் வெள்ளையுமாக ஒரு மிதப்பு. புல்லில் எறிந்து பழகக் கொளுக்கி இல்லாத றப்பர் மீன். இவற்றுக்கு ஏதோ எழுதிவிட்டேன். சிக்கல், தூண்டில் நூலைச் சுற்றிவைக்கும் றீலில்தான். கோப்பையைக் கவிழ்த்த மாதிரி முன்பக்கம் மூடியிருக்கிறது, நடுத்துளையால் நூல் வருகிறது. பின்னால் பெருவிரலுக்கு ஒரு பொத்தான். அதை அமத்தியபடி தடியை வீசி, தடி முன்னால் வரும்போது விரலை எடுத்தால் நூல் ஓடும். கைபிடியைச் சுற்றினால் நிற்கும்.

திறந்த றீல் என்றால் கம்பி வளையத்தை நிமிர்த்தி, நூலைச் சுட்டுவிரலில் தாங்கி, நேரம் பார்த்து விடவேண்டும். ஐந்து வயதுக் கைக்கு அது சரிவராது. அரை மணி நேரம் சிக்கு எடுப்பதிலேயே போய்விடும். அதனால் வெறுமனே "றீல்" என்று போட்டால் வாங்குகிறவருக்கு எந்த வகை என்று தெரியாது. ஆங்கிலத்தில் ஸ்பின்காஸ்ற். என்ன எழுதட்டும்?

இ.ந., தெகிவளை | செவ்வாய், 9.52

சுழல்வீச்சுச் சுருளி. முடிந்தது.

அ.யோ., முகத்துவாரம் | செவ்வாய், 12.30

தம்பி, முடியவில்லை. மகளுக்கு இப்படி ஒன்று வாங்கி, இறுகிப்போனபோது கழற்றிப் பார்த்தவன் நான். உள்ளே நூல் சுற்றிய கட்டை வீசும்போதும் சுழலாது, இழுக்கும்போதும் சுழலாது. ஒரு சின்னக் கம்பிமுளைதான் அதைச் சுற்றிவந்து நூலை ஏற்றுகிறது. பெரிய மீன் பிடித்து இழுத்தால் மட்டும் கட்டை கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். சுழலாத சாமானுக்குச் சுழல் என்று பெயர் வைத்தால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள்.

பிள்ளை, ஒட்டுத்தாளில் இடம் இருந்தால் இதையும் போடுங்கோ: கொளுக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டுக் கொடுக்கவேண்டும். விரலில் ஏறினால் சுலபமாகக் கழற்றலாம். ஈயக் குண்டைப் பல்லால் கடித்து இறுக்க விடக்கூடாது. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கடித்தோம், அது வேறு கதை.

இ.ந., தெகிவளை | செவ்வாய், 1.15

பெயர் பொருளை அப்படியே சொல்லவேண்டும் என்று யார் சொன்னது, அண்ணை? இந்த வகை றீலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவில் டல்சாவில், எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடி செய்த கம்பனி. ஆர். டி. ஹல் என்ற கடிகாரத் திருத்துநர் தன் மாதிரியைக் கொண்டுபோய்க் கொடுக்க, 1949இல் உற்பத்தி தொடங்கியது. கம்பனியின் பெயர் ஸீரோ அவர் பொம் கம்பனி. அதைச் சுருக்கியதுதான் செப்கோ என்ற றீல் பெயர். வெடிக் கம்பனியின் பெயரை ஊர்ப் பிள்ளைகள் றீலுக்குச் சொல்லலாம், நான் சுழல் என்று சொல்லக்கூடாதா?

க.வே., கொட்டாஞ்சேனை | செவ்வாய், இரவு 8.05

அன்பர்களே,

முகத்துவாரத்தார் சொன்னதோடு, சுழல்வதைச் சொல்கிற உருளை, இராட்டினம் என்ற பெயர்கள் இரண்டும் அடிபட்டுப் போகின்றன. சுருளி நிற்கும். நூல் அங்கே சுருண்டுதான் கிடக்கிறது, கட்டை சுழல்கிறதா இல்லையா என்ற கேள்வியே எழாது.

ஆனால் "நூல்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது உறுத்துகிறது. பெரும்பாணாற்றுப்படையில் பாண்மகன் தூண்டில் போடும் இடத்தைப் பாருங்கள்: "நெடுங்கழைத் தூண்டில் நடுங்க நாண்கொளீஇ". தடிக்குக் கழை, நூலுக்கு நாண், கொளுக்கிக்குக் கொடுவாய் இரும்பு. மூன்று கலைச்சொல்லும் இரண்டு அடிக்குள் கிடக்கின்றன. குறளில் "தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று" என்கிற இடத்தில் தூண்டில் என்பது கொளுக்கியைத்தான் குறிக்கிறது, பொன் என்பது இரும்பு. பொன் என்ற சொல் உலோகம் முழுவதற்கும் பொதுவாக இருந்து பிறகு தங்கத்துக்கு ஒடுங்கியது எப்படி என்று தனியாக எழுதவேண்டும்.

(தனியாகவே எழுதினார். மூன்று மடல். இங்கே சேர்க்கவில்லை. — தொகுப்பவர்)

பா., பம்பலப்பிட்டி | செவ்வாய், 9.20

மாஸ்டர், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள் சொல்கிறேன். பெட்டியில் "நாண்" என்று போட்டால் கறியோடு சாப்பிடுகிற ரொட்டி என்று நினைப்பார்கள். இங்கே அதை வாரத்தில் ஒரு நாளாவது சாப்பிடுகிறார்கள்.

அ.யோ., முகத்துவாரம் | செவ்வாய், 9.31

நூலுக்குத் தங்கூசி என்று போடுங்கோ. எல்லாருக்கும் விளங்கும்.

க.வே., கொட்டாஞ்சேனை | செவ்வாய், 10.48

தங்கூசி! தங்கு + ஊசி. மீன் தங்குகின்ற ஊசி. அல்லது தங்க ஊசி, மெல்லியதாக மின்னுவதால். இதைவிட அழகான தமிழ்ச் சொல் எங்கே கிடைக்கும்?

ச., வெள்ளவத்தை | செவ்வாய், 11.02

ஐயா, சிங்களத்திலும் தங்குஸ்தான். தமிழ்நாட்டு மீனவர்கள் தங்கூஸ் என்கிறார்கள். மலாய் மொழியில் நைலோன் தூண்டில் நூலுக்குத் தாலி தங்சி என்று பெயர். ஊசிக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. சொல் கப்பலில் வந்து இறங்கியிருக்கும்போல. எப்படியோ, தங்கூசி என்றே எழுதுகிறேன். றீலுக்கு வாருங்கள், தயவுசெய்து.

பா., பம்பலப்பிட்டி | புதன், காலை 7.10

தெறிச்சுருளி? சட்டைத் தெறியைப் பிள்ளைகளே பூட்டுகிறார்கள், சொல் தெரியும். அமத்திவிட்டால் நூலும் தெறித்துத்தான் போகிறது. ஒரே சொல்லில் இரண்டு பொருள்.

க.வே., கொட்டாஞ்சேனை | புதன், 7.25

மிக நன்று. மிக மிக நன்று.

மு., சென்னை | புதன், 9.00

இங்கே தெறி என்றால் பட்டன் என்று யாருக்கும் தெரியாதுங்க. "தெறி மாஸ்" என்கிற தெறிதான். பெட்டியில் தெறிச்சுருளி என்று பார்த்தால் பையன்கள் உடனே வாங்குவார்கள், ஆனால் வேறு காரணத்துக்கு.

பா., பம்பலப்பிட்டி | புதன், 9.14

பெட்டி சென்னைக்குப் போகவில்லையே, அண்ணா.

மு., சென்னை | புதன், 9.20

நியாயம்தான். ஆனால் நாளைக்கு அகராதியில் ஏறினால் எங்களுக்கும் சேர்த்துத்தானே?

ச., வெள்ளவத்தை | புதன், இரவு 8.15

இன்று காலிமுகத்திடலில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த நாலு குடும்பத்திடம் றீலைக் கொண்டுபோய்க் காட்டினேன். தெறி இரண்டு வீட்டில் விளங்கியது. மற்ற இரண்டு வீட்டார் மலையகம், அவர்களுக்குப் பொத்தான்தான். "அமத்துச் சுருளி" என்றேன். அமத்துவா, அழுத்துவா, அமுக்குவா என்று கணவனும் மனைவியும் வாதாடத் தொடங்கினார்கள், நான் விலகி வந்துவிட்டேன். ஒரு பையன் பார்த்த உடனே "நூல்கட்டை" என்றான்.

இடத்தையும் அளந்து பார்த்தேன். "பொத்தான் சுருளி" நாலு சென்ரிமீற்றருக்குள் அடங்குகிறது. "மூடிய முகப்புப் பொத்தான் சுருளி" அடங்கவில்லை. அதனால் பொத்தான் சுருளி என்று போட்டு, கீழே சின்ன எழுத்தில் "அமத்தி வீசுங்கள், முன்னால் வரும்போது விரலை எடுங்கள்" என்று எழுதலாம். மறுப்பு உண்டா?

இ.ந., தெகிவளை | புதன், 8.21

உண்டு. பொத்தான் போர்த்துக்கீசச் சொல்.

பா., பம்பலப்பிட்டி | புதன், 8.24

நீங்கள் இருந்து எழுதுகிற கதிரையும்தான். அலுமாரியும்தான்.

அ.யோ., முகத்துவாரம் | புதன், 8.40

எனக்குச் சம்மதம். தங்கூசி இருக்கிறதுதானே?

மு., சென்னை | புதன், 9.05

ஓகே. எனக்கு நூல்கட்டைதான் பிடித்தது, ஆனாலும் ஓகே.

ச., வெள்ளவத்தை | வியாழன், பகல் 2.30

அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

க.வே., கொட்டாஞ்சேனை | வியாழன், 6.50

பிள்ளை, மடலை இப்போதுதான் பார்த்தேன். பெயரை ஏற்கிறேன். ஆனால் புணர்ச்சி? பொத்தானை உடைய சுருளி, வேற்றுமைத் தொகை. னகர ஈற்றுக்கு முன் வல்லினம் வந்தால் றகரமாகத் திரியும் என்பது நன்னூல். பொன் + சிலை பொற்சிலை ஆனதுபோல, பொத்தாற்சுருளி என்றல்லவா வரவேண்டும்?

ச., வெள்ளவத்தை | வியாழன், 7.15

ஐயா, அதே நன்னூல்தான் "மீன்" என்ற சொல் றகரமாகத் திரிந்தும் வரும், திரியாமலும் வரும் என்கிறது. மீற்கண் என்றும் எழுதலாம், மீன்கண் என்றும் எழுதலாம். மீனுக்குக் கொடுத்த சலுகையை இந்த ஒரு பெட்டிக்குக் கடன் தாருங்கள்.

க.வே., கொட்டாஞ்சேனை | வியாழன், 10.55

அது மீனுக்கு மட்டும் சொன்ன விதி.