உதட்டுப் புண் ஆறியது, கழுத்தில் நெறி கட்டியது

அப்பாவுக்குக் கீழ் உதட்டில் புற்றுநோய். திருவாரூர் பக்கம் விவசாயம், அப்போது வயது 61. இந்தக் குழுவில் நிறைய பேர் முதல் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறீர்கள். அதனால் அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

40 வருஷமாகப் பீடி, அதுவும் உதட்டில் ஒரே இடத்தில் வைத்து. போதாததற்கு வயல் வெயில். வெடித்த உதடு 5 மாதம் ஆறவில்லை. உடம்புச் சூடு என்று வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். சதை எடுத்து டெஸ்ட் செய்ததில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா (தோல், வாயின் மேல்படலத்தில் வரும் புற்றுநோய்) என்று வந்தது. கட்டி ஒன்றரை சென்டிமீட்டர். 2 சென்டிமீட்டருக்குள் இருந்து, கழுத்துக்கும் பரவாமல் இருந்தால் 10 பேரில் 9 பேர் 5 வருஷம் தாண்டி நன்றாக இருக்கிறார்கள் என்று டாக்டர் தைரியம் சொன்னார். ஆப்பு வடிவில் வெட்டி எடுத்து நேராகத் தைத்தார்கள். வெட்டிய விளிம்புகளில் நோய் இல்லை என்று ரிப்போர்ட்.

அப்பா என்னைக் கூப்பிடுவதே 'பாப்பா' என்றுதான். உதடு இழுத்துப் பிடித்ததால் அந்தச் சொல்லில் 'ப' வரவே இல்லை. கையைத் தட்டித்தான் கூப்பிட்டார். ஒரு மாதம் கழித்து ஒருநாள் காலையில் தெளிவாக 'பாப்பா' என்றார். அன்றோடு நோயே போய்விட்டதாக நினைத்துவிட்டோம். தப்பு அங்கேதான்.

முதல் வருஷம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருந்தார்கள். 4 முறை போனோம். அப்புறம் நடவு, தங்கை கல்யாணம். உதடுதான் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டோம்.

14ஆவது மாதம், சவரம் செய்கிற அண்ணன்தான் கண்டுபிடித்தார். தாடைக்கு அடியில் கத்தியை நிறுத்தி, "மாமா, இங்க புளியங்கொட்டை கணக்கா ஒண்ணு இருக்கே" என்றாராம். வலி இல்லை. வலித்திருந்தால் பல் வலி என்றாவது போயிருப்போம். ஊசி டெஸ்டில் அதே நோய். உதட்டில் ஒன்றுமே இல்லை! கீழ் உதட்டிலிருந்து கிளம்பினால் முதலில் மோவாய்க்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் உள்ள நெறிகளில்தான் தங்குமாம். திரும்பி வருவதில் பெரும்பாலானவை முதல் 2 வருஷத்துக்குள் வந்துவிடுமாம். கழுத்துக்கு வந்துவிட்டால் அந்த 10க்கு 9 என்ற கணக்கு ஏறக்குறைய 10க்கு 5 ஆகிவிடும் என்று கேட்டபோது கால் தரையில் நிற்கவில்லை.

கழுத்தைத் திறந்து நெறிகளை எடுத்தார்கள். அப்புறம் 30 நாள் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை). அதற்கு முன்பே ஆட்டம் கண்ட 4 பற்களைப் பிடுங்கிவிட்டார்கள், கரண்ட் வைத்த பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாமாம். எச்சில் வற்றிவிட்டது. இன்றும் மோர் இல்லாமல் சோறு இறங்காது. ஆனால் 3 வருஷம் ஆகிறது, நன்றாக இருக்கிறார்.

பதில்:
அக்கா, எங்கள் அம்மாவுக்கு வெற்றிலை, புகையிலைப் பழக்கம். இரண்டு உதடும் சேரும் ஓரத்தில் வந்தது. 6 வருஷம் கழித்து எதிர்ப்பக்கக் கன்னத்தில் இன்னொன்று. பழையது திரும்பவில்லை, இது புதிது என்றார்கள். புகையிலை பட்ட வாயில் எங்கு வேண்டுமானாலும் முளைக்குமாம். உங்கள் அப்பாவுக்கு முதல் ஆபரேஷனிலேயே கழுத்து நெறிகளை ஏன் எடுக்கவில்லை?

பதில்:
நானும் அதைத்தான் கேட்டேன் தம்பி. நாக்கு, கன்னம் என்றால் முதலிலேயே எடுப்பது நல்லது என்று மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வு காட்டியிருக்கிறது. முதலிலேயே எடுத்தவர்களில் 3 வருஷத்தில் உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம், காத்திருந்து எடுத்தவர்களில் 67.5. சின்ன உதட்டுக் கட்டி கழுத்துக்குப் போவது குறைவு என்பதால் கவனித்து வருவார்களாம். நாங்கள்தான் கவனிக்கவில்லை. அந்த அண்ணன் இப்போதெல்லாம் சோப்பு போடும் முன்பே தாடைக்கு அடியில் விரலால் தடவிப் பார்த்துவிடுகிறார். அடுத்த ரிவ்யூ பொங்கல் கழிந்த வாரம்.