கறுப்பினப் பெண்களின் குடும்பத்தை எந்தக் குடும்பத்தோடு ஒப்பிடுவது?

நொய்யல் வாசகி (கோவை) கேட்டது:

வணக்கம். நான் முதுகலைச் சமூகவியல் மாணவி. இந்தப் பருவத்தில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வரலாறு எங்களுக்குப் பாடமாக உள்ளது. இனமும் பாலினமும் சேர்ந்து அவர்களை அழுத்திய விதம் புரிகிறது. குடும்பம் என்ற இடத்திற்கு வரும்போதுதான் தடுமாறுகிறேன். கொங்கு நாட்டில் வளர்ந்த எனக்குக் குடும்பம் என்றாலே கூட்டம் என்னும் குலப் பிரிவும் குலதெய்வமும் பரம்பரைக் காணி நிலமும் நினைவுக்கு வருகின்றன. பெண் எதுவரை படிக்க வேண்டும், யாரிடம் பேசலாம், யாருக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்பதையெல்லாம் பெரியப்பாக்களும் மாமன்மார்களும் கூடி முடிவு செய்யும் இடம் அது. சாதி மீறி மணம் செய்துகொண்ட பொறியியல் மாணவர் ஒருவர் 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, குடும்பத்தைப் பெண்ணின் புகலிடம் என்று எவராவது சொன்னால் என்னால் எளிதில் ஏற்க முடிவதில்லை. ஆனால் கறுப்பினப் பெண்களின் வரலாற்றை எழுதியவர்களில் பலர் குடும்பத்தை எதிர்ப்பின் களமாகவே பேசுகிறார்கள். அவர்கள் வீட்டுக்குள் இருந்த ஆணாதிக்கத்தைக் காணவில்லையா, அல்லது அவர்களுடைய குடும்பமே நம்முடையதிலிருந்து அடிப்படையில் வேறுபட்டதா? கருத்தரங்கக் கட்டுரைக்காகக் கேட்கிறேன்.

கொடுமுடியார் எழுதியது:

அம்மணி, சட்டத்திலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலேயப் பொதுச் சட்டப்படி பிள்ளையின் நிலை தந்தையைப் பொறுத்தது. வர்ஜீனியாவில் அடிமையாக வைக்கப்பட்டிருந்த எலிசபெத் கீ என்ற பெண், தன் தந்தை ஆங்கிலேயர் என்பதையும் காட்டி வழக்காடி, 1656இல் விடுதலை பெற்றார். ஆறே ஆண்டுகளில், 1662இல், பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்று அந்தக் குடியேற்றத்தின் சட்டமன்றம் விதியை மாற்றியது. அதன்பின் அடிமைப் பெண்ணுக்கு எவரால் குழந்தை பிறந்தாலும் அது எசமானனின் உடைமை. அவனே அவளைப் பலவந்தம் செய்திருந்தாலும், பிறக்கும் பிள்ளை வாரிசுக் கணக்கில் வராது, சொத்துக் கணக்கில்தான் வரும். வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குவது 1808இல் தடைசெய்யப்பட்ட பிறகு, பண்ணைகள் பெருகுவதற்கு அந்தப் பெண்களின் கருப்பையே வழியாயிற்று.

அவர்களுடைய திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. கணவனை ஒரு மாநிலத்திற்கும் மகளை இன்னொரு மாநிலத்திற்கும் விற்பதற்குத் தடை ஏதும் இருக்கவில்லை. சோஜர்னர் ட்ரூத் என்று பின்னாளில் பெயர் பெற்ற பெண்மணி, நியூயார்க் சட்டத்திற்கு மாறாக அலபாமாவுக்கு விற்கப்பட்ட தம் மகன் பீட்டரை, வழக்குத் தொடுத்து 1828இல் மீட்டார். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்ததும் விடுதலை பெற்றவர்கள் கறுப்பினத்தவரின் செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்துத் தாயையும் உடன்பிறந்தவர்களையும் பல ஆண்டுகள் தேடினார்கள். ஒரு குடும்பம் ஒன்றாக இருப்பதையே அரசும் சந்தையும் மறுத்த இடத்தில், குடும்பமாக இருக்க முயல்வதே எதிர்ப்பாகிவிடுகிறது. தாங்கள் படித்தவர்கள் சொல்வதன் வேர் இதுதான்.

பவானி வழக்கறிஞர் எழுதியது:

ஐயா சொன்னதோடு உழைப்பையும் சேர்க்க வேண்டும். விடுதலைக்குப் பிறகும் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்த வேலை வயல் வேலையும் வெள்ளையர் வீட்டு வேலையுமே. தம் பிள்ளைகளைப் பாட்டியிடமோ மூத்த மகளிடமோ விட்டுவிட்டு மற்றவர் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறூட்டினார்கள். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்தைக் கொண்டுவந்தபோது பண்ணைத் தொழிலாளரையும் வீட்டு வேலையாட்களையும் விலக்கியது. சட்டத்தில் இனம் என்ற சொல் இல்லை. விலக்கப்பட்ட தொழில்களைப் பார்த்தாலே யார் வெளியே நின்றார்கள் என்பது தெரிந்துவிடும். ஆனாலும் அவர்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை என்பதற்கு, அட்லாண்டாவின் சலவைப் பெண்கள் கூலி உயர்வு கேட்டு 1881இலேயே நடத்திய வேலைநிறுத்தம் சான்று.

என் தொழில் சார்ந்து ஒரு வழக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செயின்ட் லூயிஸ் ஆலையில், கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் நீக்கும் விதிப்படி வேலையிழந்த கறுப்பினப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1964க்கு முன் அந்நிறுவனம் அவர்களை வேலைக்கு எடுக்காததால்தான் பணிமூப்பில் பின்தங்கினார்கள் என்பது வாதம். 1976இல் நீதிமன்றம் சொன்னது வேறு: நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு என்றால் அதற்குத் தனி வழக்கு இருக்கிறது. இரண்டையும் சேர்த்து மூன்றாவதாக ஒரு வகையை உருவாக்க முடியாது. அங்கே எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர் என்பதை அந்தத் தீர்ப்பு பொருட்படுத்தவில்லை. சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த வழக்கையும் அலசுகிறது.

வளவு வாசகி (பெருந்துறை) எழுதியது:

கேள்வி கேட்ட தங்கைக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் காட்டும் கூட்டமும் காணியும் உள்ள குடும்பத்தைக் கறுப்பினப் பெண்ணின் குடும்பத்தோடு ஒப்பிட்டால் கணக்கு நேராகாது. அந்த ஒப்பீட்டில் உங்கள் வீடு, எசமானன் வீட்டின் இடத்தில் அல்லவா நிற்கிறது! அங்கேயும் பெண் அடக்கப்பட்டாள், மறுக்கவில்லை. வெள்ளையர் வீட்டில் கணவனுக்கு அடங்கி நடந்த மனைவிதான் அடுக்களையில் நின்ற கறுப்பினப் பெண்ணை ஏவினாள் என்பதும் உண்மை. ஒப்பிட விரும்பினால், தோட்டங்களில் உழைக்கும் நாங்கள் குடியிருக்கும் எங்கள் வளவுக்கு வாருங்கள். எங்கள் பாட்டி ஒரு தோட்டத்தில் பண்ணையாளாக வேலை பார்த்தவர். விடியும் முன் சாணி அள்ளப் போனவரின் பிள்ளைகளை வளர்த்தது ஆறு வயது நிரம்பாத என் பெரியம்மா. அந்தத் தோட்டத்துக்காரர் பாட்டியைத் தொட்டால் தீட்டு என்பார். ஆனால் பண்ணையப் பெண்கள் இருட்டில் தனியாக அந்தப் பக்கம் போக அஞ்சியதற்குக் காரணம் பேய் அல்ல. அப்படிப் பிறந்த பிள்ளையை எந்தக் கூட்டமும் தன் வாரிசு என்று கூப்பிட்டதில்லை. கொடுமுடி ஐயா சொன்ன 1662இன் சட்டத்தை இங்கே எவரும் எழுத வேண்டியிருக்கவில்லை.

அதற்காக ஐயா சொன்ன அளவுக்கு எங்கள் வீட்டையும் அவர்கள் வீட்டையும் கோயிலாக்கவும் நான் தயாராக இல்லை. வெளியே அவமானப்பட்ட ஆண் வீட்டில் வந்து யாரை அடிப்பான்? 1965இல் டேனியல் பேட்ரிக் மொய்னிஹான் அமெரிக்க அரசுக்காக எழுதிய அறிக்கை, கறுப்பினக் குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று பெண்ணின் தலைமையில் இருப்பதைச் சுட்டி, தாயாதிக்கம் அச்சமூகத்தைப் பின்னுக்கு இழுக்கிறது என்றது. கூலியையும் வேலையின்மையையும் அந்த அறிக்கையும் பேசத்தான் செய்தது. ஆனால் ஊர் பிடித்துக்கொண்டது, பெண் ஓங்கியதால் ஆண் தாழ்ந்தான் என்ற பகுதியைத்தான். அதன்பின் குடும்பத்தைக் காக்க வேண்டும் என்ற பேச்சு, பெண் அடங்கிப் போக வேண்டும் என்ற பேச்சாகவும் மாறக்கூடியதாயிற்று.

ஈரோட்டுச் செவிலி எழுதியது:

உடலைப் பற்றி எவரும் பேசாததால் எழுதுகிறேன். மிசிசிப்பியின் வாக்குரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமர், 1961இல் கட்டி அகற்றும் அறுவைக்குச் சென்றபோது அவரைக் கேட்காமலேயே கருப்பை நீக்கப்பட்டது. ஒரு காலத்தில் பிள்ளை பெறுமாறு நெருக்கியவர்கள், கூலியில்லா உழைப்பு கைவிட்டுப் போனதும் பெறக்கூடாது என்று தடுத்தார்கள். கருக்கலைப்பு உரிமையை மட்டுமே முன்வைத்த இயக்கம் இந்தப் பெண்களுக்குப் போதாமல் போனதில் வியப்பில்லை. பெறவும், பெறாமலிருக்கவும், பெற்றதைப் பாதுகாப்பாக வளர்க்கவும் உரிமை வேண்டும் என்ற கருத்தை இனப்பெருக்க நீதி என்ற பெயரில் 1994இல் சிகாகோவில் கூடிய கறுப்பினப் பெண்கள் முன்வைத்தார்கள்.

2021இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குக் கறுப்பினத் தாய்மார் இறப்பு 69.9, வெள்ளையரிடையே 26.6. வறுமை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. உலகப் புகழும் செல்வமும் உடைய செரீனா வில்லியம்ஸ்கூட 2017இல் பிரசவத்திற்குப் பின் நுரையீரலில் இரத்தம் உறைவதை உணர்ந்து, ஸ்கேன் எடுக்கும்படி தாமே வற்புறுத்த வேண்டியிருந்தது. நோயாளி சொல்வதை நம்பாத மருத்துவப் பணியாளர்களை நானும் இங்கே பார்த்திருக்கிறேன். எவர் சொல்வதை நம்புவதில்லை என்பதைப் பெருந்துறை அக்கா ஊகிப்பார்.

நொய்யல் வாசகி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அக்கா, கட்டுரையில் தோட்டத்து வீட்டையும் வளவு வீட்டையும் தனித்தனியே வைத்தே எழுதப் போகிறேன். இன்னும் ஒன்று. ஈரோட்டிலிருந்து எழுந்த சுயமரியாதைச் சிந்தனை திருமணம் என்ற அமைப்பையே கேள்வி கேட்டது. கறுப்பினப் பெண்களிடம் அத்தகைய விலகல் எழவில்லையா?

வளவு வாசகி எழுதியது:

எழுந்தது, ஆனால் தம் ஆண்களை விட்டுவிட்டு வெளியேறும் வடிவத்தில் அல்ல. பாஸ்டனில் இயங்கிய காம்பஹீ ஆற்றுக் குழுவின் 1977ஆம் ஆண்டு அறிக்கையைப் படியுங்கள். 1863இல், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஹாரியட் டப்மன் படையினரோடு சென்று 700க்கும் மேற்பட்ட அடிமைகளை மீட்ட ஆற்றின் பெயரைத்தான் அக்குழு சூட்டிக்கொண்டது. அவர்களில் தன்பாலீர்ப்பு உடையவர்கள் இருந்தார்கள். வழக்கமான குடும்பத்திற்கு அவர்கள் கடன்பட்டவர்கள் அல்லர். இருந்தும் ஆண்களிடமிருந்து முற்றிலும் பிரிந்து நிற்கும் கொள்கையை அவர்கள் ஏற்கவில்லை. இனவெறிக்கு எதிராகக் கறுப்பின ஆண்களோடு நிற்பது, ஆணாதிக்கத்திற்காக அவர்களோடு மோதுவது என்பதே அவர்கள் நிலை.

அந்த மோதலுக்கு என்ன விலை என்பதற்கு 1991ஐப் பாருங்கள். உச்ச நீதிமன்ற நீதிபதியாக முன்மொழியப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் மீது, அவரிடம் முன்பு பணியாற்றிய அனிதா ஹில் பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டைக் கூறினார். தாமஸ் அதை மறுத்தார். இருவருமே கறுப்பினத்தவர். இனத்தைச் சேர்ந்த ஒருவர் உயரும்போது காலை வாருகிறாள் என்று ஹில்லைத் தம் மக்களே பலர் தூற்றினார்கள். தாமஸ் நீதிபதியானார். அடுத்த மாதம் 1,600க்கும் மேற்பட்ட கறுப்பினப் பெண்கள் பணம் திரட்டி, தங்கள் பெயர்களை வரிசையாக அச்சிட்டு, ஹில்லுக்கு ஆதரவாக நியூயார்க் டைம்ஸ் இதழில் விளம்பரம் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில், வளவுக்குள் அடிக்கும் கணவன் மீது ஒரு பெண் காவல் நிலையம் போனாலும் இதே பேச்சைத்தான் கேட்கிறாள்: ஊர்க்காரன் முன்னால் நம் மானத்தை வாங்கலாமா என்று. கட்டுரையில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள்.