டாட்ஜர்ஸ்–ஜெயண்ட்ஸ்: ஒரு பக்கம் மட்டும் கோப்பை வாங்கிக்கொண்டிருக்கும்போது இதைப் பகை என்று சொல்லலாமா?

கேள்வி – ஆரஞ்சுத்தொப்பி

நண்பர்களுக்கு வணக்கம். இந்தப் பேஸ்பால் பருவத்தில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் முதல்முறையாக சான் பிரான்சிஸ்கோவுக்கு வரும் தொடரின் தொடக்க ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டேன். சான் பிரான்சிஸ்கோ ஜெயண்ட்ஸின் மைதானமான ஆரகிள் பார்க்கில் இதற்குமுன் ஏழெட்டு ஆட்டங்கள் பார்த்திருக்கிறேன் என்றாலும், டாட்ஜர்ஸுக்கு எதிரான ஆட்டம் ஒன்றைக்கூட நேரில் பார்க்க வாய்த்ததில்லை.

உண்மையைச் சொன்னால், நான் ஜெயண்ட்ஸ் ரசிகனானதே டாட்ஜர்ஸால்தான். 2021 அக்டோபர் 14 அன்று, நேஷனல் லீக் டிவிஷன் தொடரின் (பருவம் முடிந்தபின் நடக்கும் பிளே-ஆஃப் சுற்று) ஐந்தாவதும் கடைசியுமான ஆட்டத்தைத் தற்செயலாகத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸ், இருவர் அவுட், ஜெயண்ட்ஸ் 2-1 என்று பின்தங்கியிருக்கிறது. மேக்ஸ் ஷெர்சர் வீசிய பந்துக்கு வில்மர் ஃப்ளோரஸ் மட்டையை எடுத்துப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். முதல் பேஸ் நடுவரோ அதை முழு வீச்சு, அதனால் அவுட் என்று கையை உயர்த்திவிட்டார். 107 ஆட்டங்களை வென்ற ஓர் அணியின் பருவம் அந்தக் கை அசைவோடு முடிந்தது. அப்போது எனக்கு விதிகளே சரியாகத் தெரியாது. ஆனாலும் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இப்போது எனக்குள்ள ஐயம் இதுதான். டாட்ஜர்ஸ் 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து உலகத் தொடரை (சாம்பியன் பட்டத்தை) வென்றுவிட்டது. 2025-ல் அவர்கள் 93 ஆட்டங்களை வென்றபோது, ஜெயண்ட்ஸ் 81 வெற்றி, 81 தோல்வி என்று கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒன்றுமில்லாத இடத்தில் நின்றது. என்னோடு வேலை செய்யும் டாட்ஜர்ஸ் ரசிகர் ஒருவர், பகை என்றால் இரு பக்கமும் இருக்க வேண்டும், எங்களுக்கு நீங்கள் இப்போது ஒரு பொருட்டே இல்லை என்று சிரிக்கிறார். அதற்குப் பதிலாக, டாட்ஜர்ஸின் பெரும் வீரரான ஜாக்கி ராபின்சனே ஜெயண்ட்ஸுக்கு ஆட மனமில்லாமல் ஓய்வு பெற்றவர் அல்லவா என்று எங்கோ படித்ததைச் சொன்னேன்; அவர் அசரவில்லை. இந்தப் பகைக்கு இன்னும் உயிர் இருக்கிறதா? இருந்தால், மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் நான் எதை விடாமல் பார்க்க வேண்டும்?

மறுமொழி – பழைய ஸ்கோர் அட்டை

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. கோப்பைக் கணக்கில் இன்று இரண்டு அணிகளும் ஒரே தட்டில் இல்லை. ஆனால் இந்த இரு அணிகளுக்கிடையே, தான் வெல்வதைவிட மற்றவனை வெல்லவிடாமல் செய்வதில்தான் எப்போதும் ருசி அதிகம். அதற்குப் புள்ளிப்பட்டியலில் சமமாக நிற்க வேண்டிய கட்டாயமே இல்லை.

1982-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பருவம் முடிய ஒரு நாள் இருக்கும்போது, அக்டோபர் 2 அன்று, டாட்ஜர்ஸ் ஜெயண்ட்ஸை 15-2 என்று நொறுக்கிப் போட்டியிலிருந்தே வெளியேற்றியது. மறுநாள் இரு அணிகளும் மோதிய கடைசி ஆட்டத்தால் ஜெயண்ட்ஸுக்குப் பைசா பயன் இல்லை. வென்றாலும் வீட்டுக்குத்தான் போக வேண்டும். டாட்ஜர்ஸுக்கோ அதுதான் வாழ்வா சாவா. ஏழாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் டெர்ரி ஃபோர்ஸ்டர் வீசிய பந்தை ஜெயண்ட்ஸின் ஜோ மோர்கன் மூன்று ரன் தரும் ஹோம் ரன்னாக (எல்லைச் சுவரைத் தாண்டும் அடி) அடித்தார். டாட்ஜர்ஸ் தோற்க, இவர்கள் இருந்த டிவிஷனின் (லீக்கின் ஒரு பிரிவு) பட்டம் அட்லாண்டா பிரேவ்ஸுக்குப் போயிற்று. பதினோரு ஆண்டுகள் கழித்து அந்தக் கடன் வட்டியோடு திரும்பி வந்தது. 1993-ல் ஜெயண்ட்ஸ் 103 ஆட்டங்களை வென்று, கடைசி நாளில் பிரேவ்ஸோடு சமநிலையில் நின்றது. நம்பிக்கை எதுவும் மிச்சமில்லாத டாட்ஜர்ஸ் அன்று ஜெயண்ட்ஸை 12-1 என்று வென்றது. மைக் பியாஸா மட்டும் இரண்டு ஹோம் ரன் அடித்தார். டிவிஷன் பட்டம் வெல்லாத அணிக்கும் பிளே-ஆஃபில் இடம் தரும் வைல்ட் கார்டு முறை அப்போது இல்லாததால், 103 வெற்றிகளோடு ஜெயண்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்து உலகத் தொடரைப் பார்த்தது.

1951-ல் டாட்ஜர்ஸிடமிருந்து பட்டத்தைப் பறித்து ஜெயண்ட்ஸின் பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன்னைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. எனக்கு அதைவிடப் பிடித்தது 1962 ஆகஸ்டில் ஜெயண்ட்ஸின் அன்றைய மைதானமான கேண்டில்ஸ்டிக் பார்க்கில் நடந்த கூத்து. அந்தப் பருவத்தில் டாட்ஜர்ஸின் மோரி வில்ஸ் 104 பேஸ்களைத் திருடினார், அதாவது பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். அந்தக் கால்களைக் கட்டிப்போட வழி தேடிய ஜெயண்ட்ஸ் நிர்வாகம், மைதானப் பராமரிப்பாளர்களை ஏவி, முதல் பேஸுக்குப் பக்கத்தில் வில்ஸ் கால் ஊன்றிப் பாயும் இடத்தைத் தோண்டி, மணலும் ஈரமும் கலந்து சதசதவென்று ஆக்கிவைத்தது. டாட்ஜர்ஸ் முறையிட்டது, நடுவர்கள் அதை அப்புறப்படுத்தச் சொன்னார்கள். பணியாளர்கள் தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டு போய், சிறிது மண்ணைச் சேர்த்துக் கிளறி, ஏறக்குறைய அதே கலவையைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்தத் தொடரின் மூன்று ஆட்டங்களையும் ஜெயண்ட்ஸ் வென்றது. பருவ முடிவில் இரு அணிகளும் சமமாக நின்று, மூன்று ஆட்டத் தீர்வுத் தொடரில் ஜெயண்ட்ஸ் பட்டத்தைத் தட்டிச் சென்றபோது, அந்த ஈர மண்ணின் பங்கு எவ்வளவு என்று யாரால் அளந்து சொல்ல முடியும்?

ஆகவே 81-81 என்ற கணக்கைக் கண்டு சோர்ந்துபோகாதீர்கள். நீங்கள் சொன்ன 2021-ஐயே பாருங்கள்: வழக்கமான பருவத்தில் ஜெயண்ட்ஸ் 10, டாட்ஜர்ஸ் 9; பிளே-ஆஃபில் டாட்ஜர்ஸ் 3, ஜெயண்ட்ஸ் 2. ஆக 24 ஆட்டங்களில் ஆளுக்கு 12.

மறுமொழி – நீலச்சட்டை

டாட்ஜர்ஸ் ரசிகன் என்ற முறையில் முதலில் ஒரு திருத்தம். ஜாக்கி ராபின்சன் ஜெயண்ட்ஸுக்கு ஆட மனமில்லாமல் ஓய்வு பெற்றார் என்பது எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்லப்படும் கதை. எனக்கும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் 1956 டிசம்பரில் டாட்ஜர்ஸ் அவரை ஜெயண்ட்ஸுக்கு மாற்றிய வேளையில், அவர் விளையாட்டை விடுவதென்று ஏற்கெனவே முடிவு செய்து, ஒரு காபி நிறுவனத்தில் பதவியையும் ஏற்றுவிட்டிருந்தார். அந்தச் செய்தியை முதலில் வெளியிடும் உரிமையை ஒரு பத்திரிகைக்கு விற்றிருந்ததால்தான் வாய் திறக்காமல் இருந்தார்.

இரண்டாவதாக, உங்கள் அலுவலக நண்பர் சொல்வதை நானும் வழிமொழிகிறேன். 2022-ல் 111 ஆட்டங்களை வென்ற எங்களைப் பிளே-ஆஃபில் வெளியேற்றியது சான் டியேகோ பாட்ரெஸ். 2024-ல் எங்களைத் தோல்வியின் விளிம்பு வரை தள்ளியதும் அவர்கள்தான். பயம் இருக்கும் இடத்தில்தான் பகை இருக்கும். இன்றைக்கு ஜெயண்ட்ஸ் என்றால் எங்களுக்குப் பழைய நினைவுதான் வருகிறது, பயம் வரவில்லை. மேலும் 2023 முதல் ஒரே டிவிஷன் அணிகள் ஒரு பருவத்தில் சந்திக்கும் ஆட்டங்கள் 19-லிருந்து 13-ஆகக் குறைந்துவிட்டன. அடிக்கடி முகம் பார்த்தால்தானே கோபம் வளரும்.

மறுமொழி – மட்டையோசை

நீலச்சட்டை அவர்களே, ஆட்டங்கள் குறைந்ததை நான் நேர்மாறாகப் பார்க்கிறேன். 19 ஆட்டங்கள் இருந்தபோது ஒரு தொடர் கைநழுவினால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடலாம். 13-ல் அப்படி இருக்க முடியாது. போகட்டும், கேள்வி கேட்டவருக்கு மைதானத்தில் எதைப் பார்ப்பது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.

முதலில் காற்று. ஆரகிள் பார்க் விரிகுடாவின் கரையில் இருக்கிறது. இருட்டிய பிறகு குளிர்ந்து கனத்த காற்று இறங்கும்போது, மட்டையில் பட்ட ஓசையைக் கேட்டு ஹோம் ரன் என்று எழுந்து நிற்பவர்கள், பந்து சுவருக்கு முன்னாலேயே சோர்ந்து ஃபீல்டரின் கையில் விழுவதைப் பார்த்து அசட்டுச் சிரிப்போடு உட்காருவார்கள். ஏழெட்டு ஆட்டம் பார்த்த உங்களுக்கும் அந்த அனுபவம் இருக்கும். பெரிய அடிகளை நம்பி வரும் டாட்ஜர்ஸ் போன்ற அணிக்கு இந்தக் காற்று பத்தாவது ஃபீல்டர் மாதிரி.

அடுத்தது வலப்பக்கச் சுவர். கோட்டோரத்தில் வெறும் 309 அடிதான். இடது கை பேட்டர்களுக்கு நாக்கில் நீர் ஊறும் தூரம். ஆனால் சுவரின் உயரம் 24 அடி. வில்லி மேஸ் அணிந்த எண்ணுக்கு மரியாதையாக வைத்த உயரம் அது. அங்கிருந்து நடுவை நோக்கி நகர நகர மைதானம் திடீரென்று 415 அடிக்கு விரிந்துபோகிறது. சுவரில் செங்கல்லும் வளைவுகளும் கம்பிவலையும் மாறி மாறி இருப்பதால், பந்து எதில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று சுவர் கட்டியவருக்கே தெரியாது. 2025 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக ஒன்பதாவது இன்னிங்ஸில் 3-1 என்று பின்தங்கியிருந்தபோது, ஜெயண்ட்ஸ் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) பேட்ரிக் பெய்லி அடித்த பந்து அங்கே பட்டுத் தெறித்து ஆளில்லாத திசையில் ஓடியது. வேகத்துக்குப் பெயர் பெறாத ஒரு கேட்சர் நான்கு பேஸ்களையும் ஓடியே கடந்து ஆட்டத்தை முடித்தார். ஆகவே பந்து அந்தப் பக்கம் போனால் பந்தைப் பார்க்காதீர்கள், ரைட் ஃபீல்டரின் கால்களைப் பாருங்கள். அவர் சுவரை நோக்கி ஓடுகிறாரா, தெறிப்புக்காகப் பின்வாங்கி நிற்கிறாரா என்பதிலேயே இரண்டு பேஸா மூன்று பேஸா என்பது தெரிந்துவிடும்.

அன்று ஜெயண்ட்ஸின் பிட்சர் (பந்து வீசுபவர்) லோகன் வெப்பின் முறையாக அமைந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். 2021-ல் உங்களைத் தூங்கவிடாத அந்த ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ரன் கொடுத்தவர் அவர்தான். 2025-ல் நேஷனல் லீக்கிலேயே அதிகமாக 207 இன்னிங்ஸ் வீசியவரும் அவர்தான். அவருடைய பந்து பேட்டரை நெருங்கும்போது கீழே இறங்கும். அதை அடித்தால் பெரும்பாலும் தரையில் உருளும். அதைத் தூக்கி அடிக்கத் தெரிந்தவர் எதிர்முனையில் இருக்கிறார் என்பதுதான் இந்த ஆட்டத்தின் சுவை. 2025 ஜூலையில் இதே மைதானத்தில் வெப்பின் பந்தை டாட்ஜர்ஸின் ஷோஹெய் ஓஹ்டானி சுவருக்கு மேலே தூக்கி, வெளியே விரிகுடாவில் உள்ள மெக்கோவி கோவ் தண்ணீரில் போட்டார். ஆனாலும் அன்று 8-7 என்று வென்றது ஜெயண்ட்ஸ். தண்ணீரில் விழும் பந்துகளை எண்ணும் பலகை சுவரில் இருக்கிறதல்லவா, அதில் ஓஹ்டானியின் அடி சேரவில்லை. அது ஜெயண்ட்ஸ் அடிகளை மட்டுமே எண்ணும். இந்தச் சின்னத்தனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அந்த ஓஹ்டானிக்கு 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸ் கொடுத்த 70 கோடி டாலருக்கு ஏறத்தாழ இணையான தொகையை ஜெயண்ட்ஸும் நீட்டியது என்பதை நினைவில் வையுங்கள். அவர் மட்டையோடு வரும்போது அரங்கிலிருந்து எழும் இரைச்சலில் பாதி கோபம், பாதி ஏக்கம்.

மறுமொழி – ஆரஞ்சுத்தொப்பி

அனைவருக்கும் நன்றி. ராபின்சன் பற்றிய திருத்தத்தை அலுவலகத்தில் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுவது நல்லது. இன்னும் இரண்டு ஐயங்கள். பந்து ஸ்ட்ரைக்கா (அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்ததா) இல்லையா என்ற நடுவர் தீர்ப்பை எதிர்க்க 2026-ல் வந்த முறையீட்டு விதியை அரங்கில் இருந்துகொண்டு எப்படிப் பின்தொடர்வது? அந்த அலுவலக நண்பர் நீலச்சட்டையோடு என் பக்கத்தில் உட்காரப் போகிறார். அதனால் வம்பு எதுவும் வருமா?

மறுமொழி – பழைய ஸ்கோர் அட்டை

முறையீடு மிக எளிது. ஓர் அணிக்கு இரண்டு வாய்ப்புகள். பேட்டர், பிட்சர், கேட்சர் ஆகிய மூவர் மட்டுமே, வெளியிலிருந்து யாருடைய உதவியும் இல்லாமல், உடனே தங்கள் தொப்பியையோ தலைக்கவசத்தையோ தட்ட வேண்டும். பந்து போன தடம் பெரிய திரையில் வரும். முறையீடு சரியென்றால் வாய்ப்பு கையிலேயே இருக்கும், தவறென்றால் போய்விடும். பந்தைப் பிடிக்கும் நளினத்தாலேயே நடுவரிடம் ஸ்ட்ரைக் வாங்கித் தருபவர் என்று பெய்லிக்குப் பெயர். அப்படி நயமாக வாங்கிய ஸ்ட்ரைக்கை எதிரணி பேட்டர் தலையைத் தட்டிப் பறிக்க முயல்வாரா என்று கவனியுங்கள். ஆனால் ஒன்று: உங்களை வதைக்கும் அந்தப் பாதி வீச்சுத் தீர்ப்பை இந்த விதி தொடாது. அது இன்றும் பேஸ் நடுவரின் கண்ணை நம்பித்தான் இருக்கிறது.

மறுமொழி – நீலச்சட்டை

வம்பைப் பற்றி: ஆரகிள் பார்க்கில் நீலச்சட்டையோடு பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். "பீட் எல்.ஏ." என்ற முழக்கத்தைக் காதருகே கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இருந்தாலும் 2011 தொடக்க நாளில் எங்கள் மைதானத்தின் வாகன நிறுத்துமிடத்தில் ஜெயண்ட்ஸ் ரசிகர் ஒருவர் அடிக்கப்பட்டு, மூளையில் பட்ட காயத்தால் வாழ்நாள் முழுவதும் அவதிப்படும்படி ஆனதை எங்கள் பக்கத்தவர்கள் மறந்துவிடக் கூடாது என்று நான் நினைப்பதுண்டு. 1965-ல் ஜெயண்ட்ஸ் பிட்சர் ஹுவான் மாரிச்சால் எங்கள் கேட்சர் ஜான் ரோஸ்பரோவின் தலையில் மட்டையால் அடித்தார். பின்னாளில் அவர்கள் இருவருமே நண்பர்களானார்கள். 2002-ல் ரோஸ்பரோவின் இறுதிச் சடங்குக்கு மாரிச்சால் வந்து நின்றார். ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும்போது, குறிப்பாகக் குடித்தவர்கள் அருகில் இருந்தால், உங்கள் நண்பரை வாயைக் கொடுக்காமல் நடையைக் கட்டச் சொல்லுங்கள். மற்றபடி அவர் சட்டைக்கு மேலே கனமான மேலாடை ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் ஆக வேண்டும்; ஆறாவது இன்னிங்ஸுக்குப் பிறகு அந்தக் குளிரில் யார் எந்த அணி என்றே தெரியாது.