போர்டில் எழுத்து நடுங்குகிறது, மூன்று கலர், அவசரம்

நிலாவெளிப்பிள்ளை:
வணக்கம். நிலாவெளியில் அக்காவின் கெஸ்ட் ஹவுஸுக்கு வீதியோரம் வைக்கிற போர்ட் செய்கிறேன். செம்மஞ்சள், கடும் ரோஸ், மயில்நீலம். இந்த மூன்றும்தான் வேணும் என்று அக்கா ஒரே பிடி, மாற்ற விடமாட்டா. போனில் பார்க்க அவ்வளவு வடிவு. சாம்பிள் அடித்துப் பார்த்தால் எழுத்து நடுங்குகிற மாதிரி இருக்கிறது, கண் நோகிறது. நாளைப் பின்னேரம் ஃபைல் கொடுக்கவேணும். கெதியாக ஒரு வழி சொல்லுங்கோ.

உப்புவெளித்தம்பி:
எத்தனை அடி போர்ட்? எந்தக் கலருக்கு மேல் எந்தக் கலர் எழுத்து? அதைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது?

அச்சுமை:
பிரச்சினை மையில்தான். போன் ஒளியால் காட்டுகிற செம்மஞ்சளும் ரோஸும் அந்தப் பளிச்சோடு அச்சில் வராது. ஃபைல் ஆர்ஜிபியில், அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கணக்கில் இருக்கும். அச்சு மைகளின் கணக்கான சிஎம்வைகேக்கு மாற்றி, அங்கே நிறத்தைத் திருத்திவிட்டு அனுப்புங்கள், சரி வரும்.

உப்புவெளித்தம்பி:
அண்ணை, மை மங்கினால் எழுத்து மங்கும். நடுங்காது. இது வேறு விசயம்.

வண்ணச்சக்கரம்:
இந்தக் கேள்விக்கு இங்கே பல தரம் பதில் எழுதியாச்சு, தேடிப் பார்க்கிற பொறுமை ஒருவருக்கும் இல்லை. சூடான நிறமும் குளிர்ந்த நிறமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1839 இலேயே இதை விளக்கிவிட்டார். அடிப்படையைப் படித்துவிட்டு டிசைனுக்கு வாருங்கள். மூன்று நிறத்துக்கும் இடத்தை நூற்றுக்கு 60, 30, 10 என்று பிரியுங்கள், முடிந்தது.

முத்துநகர்:
60 30 10 வீட்டுச் சுவருக்குச் சரி. எழுத்து எந்தப் பங்கில் நிற்கிறது என்று அது சொல்லாதே? பிள்ளை கேட்டது எழுத்தைப் பற்றி.

நிலாவெளிப்பிள்ளை:
8 அடிக்கு 4 அடி. கான்வா என்ற டிசைன் செயலியில் செய்தது. ஆர்ஜிபி எண்படி பின்னணி மயில்நீலம் 0,128,128. தமிழ் செம்மஞ்சளில் 255,127,0. சிங்களம் ரோஸில் 214,0,110. இங்கிலீஷ் வெள்ளை. மொழிக்கு ஒரு கலர் என்றால் பிரித்து வாசிக்கலாம் என்று அக்கா சொன்னா.

உப்புவெளித்தம்பி:
இதைத்தான் முதலே கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மயில்நீலத்துக்கும் செம்மஞ்சளுக்கும் வெளிச்ச வித்தியாசம் 1.9 க்கு 1. ரோஸுக்கு 1.1 தான், அதாவது கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம். நிறம் எதிரெதிர், வெளிச்சம் ஒன்று, அதனால் கண்ணுக்கு எழுத்தின் ஓரம் பிடிபடாமல் ஆடுகிறது. இணையத்தளங்களுக்கு வைத்திருக்கிற விதிப்படி பெரிய எழுத்துக்கே 3 வேணும், சின்ன எழுத்துக்கு 4.5. போர்டுக்கும் அதை அளவாக வைக்கலாம். மயில்நீலத்தில் வெள்ளை 4.8 வரும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கோ, எது காணாமல் போகிறது என்று தெரியும்.

முத்துநகர்:
சிங்கள வரிதான் போகும். மே தொடக்கம் செப்டெம்பர் மட்டும் தெற்கிலிருந்து வான் வானாகச் சனம் புறா மலைத் தீவுக்கு வருகிற வீதி அது. ஓடுகிற வானுக்குள் இருந்து வாசிக்கிறவருக்கு அந்த வரி தெரியாவிட்டால் அக்காவுக்குத்தான் நட்டம். அதைவிட, ஒரு மொழியைப் பளிச்சென்று எழுதி மற்றதைப் புதைத்து வைத்தால் பார்க்கிறவருக்கு மனம் நோகும். மூன்றும் ஒரே நிறத்தில், ஒரே கனத்தில் நிற்கட்டும்.

தகரமும்தூரிகையும்:
பிளாஸ்டிக் துணியில் அச்சடிக்கிற பிளெக்ஸே வேண்டாம். தகரத்தில் எனமல் பெயின்டால் எழுதுவியுங்கோ. நிலாவெளி வெயிலுக்கு பிளெக்ஸில் முதலில் போவது மஞ்சள் மையும் மஜெந்தா என்ற ரோஸ் மையும்தான், நீலமும் கறுப்பும் மிஞ்சும். வீதியில் பழைய பிளெக்ஸ்களைப் பாருங்கள், ஆட்களின் முகமெல்லாம் நீலம் பாய்ந்து கிடக்கும். இந்தப் பிள்ளையின் செம்மஞ்சளும் ரோஸும் அந்த இரண்டு மையால்தான் வருகிறது.

அச்சுமை:
லேமினேட் போட்டால் தாங்கும். எனமல் மட்டும் மங்காதா? கடற்காற்றில் தகரம் துருப்பிடிக்கும். எழுதுகிற ஆளை எங்கே தேடுவது?

தகரமும்தூரிகையும்:
திருமலையில் இன்னும் இருக்கிறார்கள். நானும் எழுதுகிறேன். தகரத்துக்கு முதலில் பிரைமர் அடிக்கவேணும், அதை விடுகிறவர்களின் போர்ட்தான் துருப்பிடிக்கிறது.

வண்ணச்சக்கரம்:
கேள்வி நிறத்தைப் பற்றி. பெயின்ட் வியாபாரத்துக்குத் தனி இழை திறக்கலாம்.

உப்புவெளித்தம்பி:
அவர் சொல்வதும் நிறத்தைப் பற்றித்தான், மங்கின பிறகு மூன்று கலரில் ஒன்றுதானே மிஞ்சும். பிள்ளை, அக்காவின் மூன்று கலரும் இருக்கட்டும், எழுத்தை மட்டும் அவற்றில் இருந்து எடுத்துவிடுங்கோ. பின்னணி பெரிதாக மயில்நீலம், எழுத்து வெள்ளை, செம்மஞ்சள் ஒரு அகலப் பட்டை. செம்மஞ்சளுக்கு மேல் ஏதும் எழுதவேணும் என்றால் கறுப்பு, வெள்ளை அங்கே 2.5 தான். ரோஸ் அம்புக்குறிக்கு மட்டும். அது மயில்நீலத்தோடு நேரே ஒட்டக்கூடாது, சுற்றிவர வெள்ளைக் கோடு ஒரு விரல் அகலத்துக்கு விடுங்கோ.

நிலாவெளிப்பிள்ளை:
கறுப்பு வெள்ளையாக்கினேன், சிங்கள வரியைக் காணவே இல்லை. அக்காவுக்கும் காட்டினேன், ஓம் என்றிட்டா. மூன்று மொழியும் வெள்ளையில் போட்டு அனுப்பியாச்சு. எல்லாருக்கும் நன்றி.

உப்புவெளித்தம்பி:
நல்லது. அம்புக்குறிக்கு வெள்ளைக் கோடு விட்டீங்களா?

அச்சுமை:
சிஎம்வைகேக்கு மாற்றினீங்களா?